'எனது கிராமம்' யாருடைய கிராமம்? அயலக நன்கொடையும் ஜவ்வாது மலையும்

கடல் கடந்து வாழும் தமிழர்கள் தாம் பிறந்த ஊரின் பள்ளிக்கூடத்தையோ நூலகத்தையோ மருத்துவமனையையோ தம் பொருளுதவியால் மேம்படுத்தலாம் என்பதே தமிழ்நாடு அரசின் 'எனது கிராமம்' திட்டத்தின் சாரம். 2021 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட இத்திட்டம், 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த அயலகத் தமிழர் தின விழாவில் தொடங்கிவைக்கப்பட்டது. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டமும் ஏறத்தாழ இதே தடத்தில் செல்கிறது. படித்து முன்னேறிய பழைய மாணவர்களும் பெருநிறுவனங்களும் அரசுப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம் என்கிறது அது. இவற்றின் நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஆனால் இவை இரண்டும் ஒரு முன்னனுமானத்தின் மீது நிற்கின்றன: ஒவ்வோர் ஊரிலிருந்தும் யாரோ ஒருவர் வெளியேறிப் பொருளீட்டியிருக்கிறார், அவர் திரும்பிப் பார்ப்பார் என்பதே அது. அப்படி ஒருவரும் இல்லாத ஊரின் கதி என்ன?

ஜவ்வாது மலையை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இம்மலையில் பெரும்பான்மையாக வாழ்வோர் மலையாளி என்னும் பட்டியல் பழங்குடியினர். (பெயரைக் கண்டு கேரளத்தோடு இணைத்துப் பேசுவோர் இன்னும் இருக்கிறார்கள். மலையை ஆள்வோர் என்பதே அதன் பொருள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாகவே இம்மக்களின் வாய்மொழி மரபு கூறுகிறது.) சாமை, புளி, தேன், சீத்தாப்பழம் என மலையின் விளைச்சல் ஆண்டு முழுவதும் குடும்பத்தைத் தாங்குவதில்லை. ஆகவே இவர்களும் இடம்பெயர்கிறார்கள். ஆனால் விமானத்தில் அல்ல. கர்நாடக, கேரளத் தோட்டங்களுக்கும் திருப்பூர் ஆலைகளுக்கும் கூலிகளாகப் போகிறார்கள். தரகர்களின் முன்பணத்தை நம்பி ஆந்திரக் காடுகளுக்குச் செம்மரம் வெட்டப் போனவர்களும் உண்டு.

2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப் படை 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. இறந்தோரில் ஜவ்வாது மலை மக்களும் இருந்தனர். அதற்கு முன்பு, 2013 டிசம்பரில் வனத்துறை அலுவலர் இருவர் கொல்லப்பட்ட வழக்கில் ஏறத்தாழ முந்நூறு தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் கைதானார்கள். இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் சிறையில் கிடந்தபின், 2016இல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஜவ்வாது மலையை விட்டு வெளியேறியவர்கள் யார் என்று கேட்டால், நம்மிடம் உள்ள பதிவேடுகளில் அதிகம் கிடைப்பவை இப்படிப்பட்ட முதல் தகவல் அறிக்கைகளும் பிணைமனுக்களும்தான். அவர்களுக்குத் தேவைப்பட்டது வழக்கறிஞரும் மொழிபெயர்ப்பாளரும் பிணையாளும். 'எனது கிராமம்' போன்ற ஏற்பாட்டில் இவற்றுக்கு இடமே இல்லை.

அயலகம் சென்றவர்கள் யார் என்ற வரலாறும் இங்கே தேவைப்படுகிறது. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் சமவெளி, கடல் கடந்த கூலிகளை ஏராளமாக அனுப்பிய பகுதி. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகம் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பலில் தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். கப்பல் பதிவேடுகள் ஒவ்வொருவரின் மாவட்டத்தையும் ஊரையும் சாதியையும் குறித்துவைத்தன. அவற்றில் பறையர் என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்பதை அப்பதிவேடுகளைப் புரட்டிய எவரும் அறிவர். நேட்டால், மொரீஷியஸ், ஃபிஜி, மலாயா, இலங்கை என்று போன அந்தத் தலைமுறை, ஊருக்குப் பணம் அனுப்பும் நிலையில் இருக்கவில்லை. பலருக்கு ஊரின் பெயரே அடுத்த தலைமுறையில் மறந்துபோனது.

பொருள் படைத்த அயலகம் பிறகு உருவானது. 1965இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தியபின், பொறியியலும் மருத்துவமும் படித்தவர்களுக்கே அந்த வாயில் முதலில் திறந்தது. அக்காலத்தில் அப்படிப்புகள் எந்தச் சாதிகளின் கையில் இருந்தன என்பதை விளக்கத் தேவையில்லை. 2003இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் சார்ந்து நடந்த ஓர் ஆய்வு, அமெரிக்க இந்தியர்களில் தலித்துகளும் பிற கீழ்நிலைப்படுத்தப்பட்ட சாதியினரும் சேர்ந்தே 1.5 விழுக்காடுதான் என்றது. 1974இல் அமெரிக்கத் தமிழர்கள் நிறுவிய தமிழ்நாடு அறக்கட்டளையும், 1991இல் மேரிலாந்து பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய இந்திய வளர்ச்சிக்கான சங்கமும் இந்த அயலகத்தின் விளைச்சல்கள். இவை செய்த நற்பணிகளை நாம் மறுக்கவில்லை. இரண்டாவது அமைப்போடு தொடர்புடைய எய்டு இந்தியா, தம் உறவினரோ ஊராரோ அல்லாத இருளர் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தந்திருக்கிறது. ஊர்ப்பாசத்தைத் தாண்டிய கொடை இயலும் என்பதற்கு அதுவே சான்று. ஆயினும் பொதுப்போக்கு அதுவன்று.

ஒடுக்கப்பட்டோருக்கே பொருள் படைத்த அயலகம் வாய்த்தால் என்ன நடக்கும் என்பதைப் பஞ்சாபில் காணலாம். இங்கிலாந்திலும் கனடாவிலும் குடியேறிய ரவிதாசியர்கள் அனுப்பிய நன்கொடையால் ஜலந்தர் வட்டாரத்தில் தேரா சச்கண்ட் பல்லானைச் சார்ந்து கோயில்களோடு மருத்துவமனையும் பள்ளியும் எழுந்தன. ஜலந்தரின் தலித் குடியிருப்பு ஒன்றிலிருந்து பர்மிங்காமுக்குப் போக ஒரு வழி இருந்தது. ஜமுனாமரத்தூரிலிருந்து அப்படி ஒரு வழி இருக்கவில்லை.

சமவெளியிலும் 'எனது கிராமம்' என்ற தொடரை நாம் எச்சரிக்கையோடே வாசிக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமம் என்பது ஊரும் சேரியும். நன்கொடையில் அமையும் குடிநீர்த் தொட்டியும் படிப்பகமும் சமுதாயக் கூடமும் எந்தப் பக்கம் நிற்கும் என்பதைப் பெரும்பாலும் கொடுப்பவரின் உறவினர்களே தீர்மானிக்கிறார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் உலகெங்கிலுமிருந்து பணமும் பொருளும் குவிந்தபோது, நாகப்பட்டினம் கரையோர முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் ஆவணப்படுத்தின. உலகமே கொடுத்தாலும், பங்கிடும் கை ஊரின் கையாகவே இருந்தது. இங்கே சட்ட மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அரசமைப்பின் 15(2) கூறு அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், சாலைகளை மட்டும் பேசவில்லை; பொதுமக்களின் பயன்பாட்டுக்கென ஒப்படைக்கப்பட்டவற்றையும் சேர்த்தே பேசுகிறது. ஒரு தனியார் தம் செலவில் ஆழ்துளைக் கிணறு அமைத்து ஊர்ப்பொதுவுக்கு விட்டுவிட்டால், அதன்பின் அதில் தலித்தைத் தடுப்பது கொடையாளியின் விருப்பமோ ஊர்க்கட்டுப்பாடோ அல்ல, குற்றம். 1955இன் குடிசார் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும், 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதற்குப் பொருந்தும்.

இனி, பணம் வரும் வழியைப் பார்ப்போம். மலைப்பகுதி அமைப்புகளுக்கு உண்மையான தடை இங்கேதான் இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை (ஒழுங்குமுறை) சட்டம், 2010 கொடுப்பவரை அவருடைய குடியுரிமையைக் கொண்டே பிரிக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டோடு வெளிநாட்டில் வாழ்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கிவழி அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடையே அல்ல. வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், அவரிடம் இந்திய வம்சாவளி அட்டை இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஒப்பந்தக் கூலியாகப் போன வட ஆர்க்காட்டுத் தலித்தின் கொள்ளுப்பேத்தி இன்று டர்பனில் ஆசிரியை என்றால், அவர் தென்னாப்பிரிக்கக் குடிமகள். அவருடைய ஆயிரம் ரூபாய் வெளிநாட்டு மூலம். சென்ற ஆண்டு வேலை விசாவில் கலிபோர்னியா சென்றவரின் பத்து லட்சத்துக்கோ அந்தக் கட்டு இல்லை. அந்தப் பத்து லட்சமும் அங்கே பதிவான ஓர் அறக்கட்டளையின் வழியாக வந்தால், அதுவும் வெளிநாட்டு நன்கொடையாக மாறிவிடும். உறவினருக்கிடையே அனுப்பும் பணத்துக்கு மட்டும் சட்டம் தாராளமானது: அரசுக்குத் தெரிவிக்காமல் பெறக்கூடிய வரம்பை ஓராண்டுக்கு ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சமாக 2022 ஜூலையில் உயர்த்தினார்கள். ஆக, அயலகத்தில் உறவு உள்ளவருக்குச் சட்டமும் உறவாகிறது.

அமைப்புகளுக்கோ 2020 செப்டம்பர் திருத்தம் கதவை இறுக்கியது. அதற்கு முன்பு, பதிவுபெற்ற ஒரு பெரிய நிறுவனம் சென்னையிலோ வேலூரிலோ பணத்தைப் பெற்று, பதிவுபெற்ற மலையடிவாரச் சங்கத்துக்குப் பகிர்ந்தளிக்க முடிந்தது. திருத்தப்பட்ட 7ஆம் பிரிவு அதை முற்றிலும் தடைசெய்துவிட்டது. நிர்வாகச் செலவு வரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. களப்பணியாளரின் ஊதியமே முதன்மைச் செலவாக உள்ள சிறு அமைப்புகளையே இது அதிகம் தாக்குகிறது. பணம் முதலில் வந்து சேர வேண்டிய கணக்கு புதுடெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் இருக்க வேண்டும். பதிவு பெறுவதற்கோ மூன்றாண்டுச் செயல்பாடும், அம்மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் செலவிட்ட கணக்கும் காட்ட வேண்டும். மலைக்கிராமப் பெண்கள் தொடங்கும் ஒரு சங்கம் இதை எப்போது எட்டும்? குறிப்பிட்ட நன்கொடைக்கு முன்அனுமதி பெறும் வழி ஒன்று உண்டுதான். அதற்கான உழைப்பும் சிறிதன்று. இத்திருத்தங்களை நோயல் ஹார்ப்பர் வழக்கில் 2022 ஏப்ரல் 8 அன்று உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வெளிநாட்டு நன்கொடை பெறுவது எவருக்கும் முழுமையான உரிமையாகாது என்றது அத்தீர்ப்பு.

சுருங்கிய இந்த வழியில் எதை அனுப்பலாம் என்பதிலும் அச்சம் வேலை செய்கிறது. குஜராத்தில் தலித் உரிமைக்காக உழைத்த நவ்சர்ஜன் அமைப்பின் பதிவு 2016 டிசம்பரில் ரத்தானது. அதே ஆண்டு மதுரை மக்கள் கண்காணிப்பகத்தை நடத்தும் நிறுவனத்துக்குப் புதுப்பித்தல் மறுக்கப்பட்டது. நோட்டுப் புத்தகம் கொடுத்தால் தொல்லையில்லை, வழக்கு நடத்தினால் தொல்லை என்ற பாடத்தை நன்கொடையாளர்கள் கற்றுக்கொண்டார்கள். சட்டம் உண்மையில் அப்படிச் சொல்லவில்லை. இன்சாஃப் வழக்கில் 2020 மார்ச்சில் உச்சநீதிமன்றம், அரசியல் நோக்கமின்றி மக்களின் உரிமைக்காகப் போராட்ட வடிவங்களைக் கையாளும் அமைப்புகளை 'அரசியல் தன்மை கொண்டவை' என்று முத்திரை குத்தி நிதியைத் தடுக்க முடியாது என்று விளக்கியது. இத்தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேசும் அறக்கட்டளைகள் மிகச் சிலவே.

மலையில் நிலைமை என்ன? 2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலையின் அத்திமரத்துக்கொல்லையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, மருத்துவமனை சேரும் முன் இறந்தது. உடற்கூறாய்வு முடிந்து திரும்பும்போதும் சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியில் நின்றது. தாய் பிள்ளையின் உடலைச் சுமந்தபடி மலையேறினார். இதே மலைத்தொடரின் காவலூருக்கு, விண்மீன்களைப் பார்ப்பதற்காக, 1960களின் இறுதியிலேயே தொலைநோக்கிகள் ஏறிவிட்டன என்பதையும் நாம் சேர்த்தே நினைவுகொள்ள வேண்டும். சாலைக்குத் தடையாகச் சொல்லப்பட்டு வருவது வனநிலம். ஆனால் 2006இன் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2), சாலை, பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, குடிநீர்க் குழாய் உள்ளிட்ட 13 வசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, கிராமசபையின் பரிந்துரையின்பேரில் ஒதுக்க வழிசெய்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டப்படக் கூடாது என்பதே வரம்பு. இதில் ஒரு நிபந்தனையைக் கொடையாளர்கள் கவனிப்பதில்லை: அவ்வசதி அரசால் நிர்வகிக்கப்படுவதாக இருக்க வேண்டும். எவ்வளவு பெரிய அறக்கட்டளையானாலும் இப்பிரிவைக் காட்டி வனநிலத்தில் தன் பெயரில் மருத்துவமனை கட்டிவிட முடியாது. கிராமசபையின் தீர்மானத்தால் அரசைக் கட்டவைக்க முடியும். சென்னை உயர்நீதிமன்றத்தின் 2008 இடைக்கால ஆணையால் தமிழ்நாட்டில் வன உரிமைப் பட்டாக்கள் 2016 வரை முடங்கிக் கிடந்தன. அந்த எட்டாண்டுத் தேக்கம் இன்னும் முழுமையாகக் கரையவில்லை.

சாதிச்சான்று அடுத்த முடிச்சு. பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர் தரும் சான்றைப் பழங்குடியினர் வருவாய்க் கோட்டாட்சியரிடம் பெற வேண்டும். அவர் அலுவலகம் மலைக்குக் கீழே இருக்கிறது. சான்று கிடைக்காத மாணவருக்கு உதவித்தொகையும் இடஒதுக்கீடும் காகிதத்திலேயே நிற்கும். 2024இல் ஜவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றபோது எல்லோரும் அவரது மனவுறுதியைப் போற்றினார்கள். தமிழ்வழியில் பயின்றோருக்கான முன்னுரிமை ஆணை அவருக்குத் துணைநின்றதும் அப்போது செய்தியாயிற்று. அந்த ஆணை எந்த அறக்கட்டளையின் கொடையும் அன்று.

ஆகவே அயலகத்தில் உள்ள நண்பர்களிடம் நாம் கேட்க வேண்டியது புதிய கட்டடத்தை அன்று. கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நாற்பது மாணவர்கள் இறங்கி ஏறும் பேருந்துச் செலவு, வன உரிமை மனுவுக்கான நிலவரைபடம், கடப்பையிலும் திருப்பதியிலும் வாய்தாவுக்குச் செல்லும் வழக்கறிஞரின் பயணம், தெலுங்கு ஆவணங்களின் மொழிபெயர்ப்பு ஆகியவையே இப்போதைய தேவைகள். இவற்றின் தொகை சிறிது. இந்தியக் குடிமகனாக இருக்கும் ஒருவர் தம் சேமிப்பிலிருந்து, எந்த வெளிநாட்டு அமைப்பின் வழியாகவும் அன்றித் தம் பெயரிலேயே வங்கிவழி அனுப்பினால், வெளிநாட்டு நன்கொடைப் பதிவு இல்லாத சிறு சங்கமும் அதைப் பெறலாம். பெறுகிற சங்கம் அவருடைய கடவுச்சீட்டின் நகலையும், சொந்தச் சேமிப்பிலிருந்தே தருவதாக அவர் எழுதிய கடிதத்தையும் ரசீதோடு சேர்த்துக் கோப்பில் வைத்திருக்க வேண்டும்.