சிற்றூர் அணிவகுப்பு – அயர்லாந்தின் மார்ச் 17

தேசியத் திருநாள் என்றவுடன் தலைநகரின் அகன்ற சாலையும் படையினரின் மிடுக்கு நடையும் நம் நினைவுக்கு வருகின்றன. அயர்லாந்து மக்களின் திருநாளாகிய மார்ச் 17ஆம் நாளை உள்ளவாறு அறிய விழைவோர், டப்ளின் நகரின் பெருவிழாவைக் காண்பதைவிட, நாட்டுப்புறச் சந்தையூர் ஒன்றின் கடைத்தெரு ஓரத்தில் நின்று காண்பதே நன்று என்று நாம் கருதுகின்றோம்.

அந்நாள், 5ஆம் நூற்றாண்டில் அத்தீவில் கிறித்தவ சமயத்தைப் பரப்பிய புனித பேட்ரிக்கின் நினைவு நாள். அவர் அயர்லாந்தில் பிறந்தவர் அல்லர். பிரித்தானியாவில் பிறந்து, 16 வயதளவில் கொள்ளையரால் கவரப்பட்டு, அடிமையாய் அங்கே ஆறாண்டுகள் மந்தை மேய்த்துத் தப்பிச் சென்றவர். பின்னர்த் தாமே விரும்பித் திரும்பியவர். இவ்வரலாற்றை அவரே இலத்தீன் மொழியில் எழுதி வைத்துள்ளார். அயலார் ஒருவர் ஒரு நாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டது வியப்பிற்குரியது.

1903ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்நாள் அயர்லாந்தில் பொது விடுமுறை ஆயிற்று. ஆயினும் அணிவகுப்பு என்னும் வழக்கம் தாயகத்தைக் காட்டிலும் புலம்பெயர்ந்தோரிடையேதான் முதலில் வேரூன்றியது. நியூயார்க் நகரில் அது 1762இலேயே நடைபெற்றது. டப்ளினில் அரசின் சார்பில் 1931இல்தான் நடந்தது. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறினர். பிரிந்து சென்றவர்களுக்கே ஊரை நினைத்து நடக்கும் தேவை மிகுதியாக இருந்தது போலும். மற்றொன்றையும் இங்குக் குறிப்பிடல் தகும். இந்நாளை மதுவோடு இணைத்துப் பேசுவோர் பலர். ஆனால், 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முப்பதாண்டுகளுக்கும் மேலாக அயர்லாந்தில் அன்று மதுக்கடைகள் மூடப்பட்டே இருந்தன.

இனிக் கடைத்தெருவுக்கு வருவோம். காலைத் திருப்பலி முடிந்திருக்கும். மார்ச் மாதக் குளிர்காற்றோடு தூறலும் இருக்கக்கூடும். மக்கள் சட்டையில் ஷாம்ராக் என்னும் மூவிலைச் செடியைச் செருகியிருப்பர். லாரியின் தட்டே மேடையாகி நிற்க, அதன்மேல் ஒருவர் ஒலிபெருக்கியில் வரும் குழுக்களை ஒவ்வொன்றாக அறிவிப்பார். வாத்தியக் குழு முன்னே செல்லும். பின்னால் பள்ளிச் சிறார், சாரணர், நடனம் பயிலும் சிறுமியர், 1884இல் தோன்றிய கேலிக் விளையாட்டுக் கழகத்தின் உள்ளூர்க் கிளைச் சிறுவர்கள் வருவர். தீயணைப்பு வண்டி மணியொலித்து வரும். அதில் இருப்போர், நாள்தோறும் வேறு தொழில் செய்து, அழைப்பு வந்தால் மட்டும் ஓடிவரும் உள்ளூரார். இறுதியில் டிராக்டர்கள், புதியனவும் துடைத்து மெருகேற்றிய பழையனவுமாக, நீண்ட வரிசையில் வரும். நகரத்தார்க்கு இது நகைப்பாகத் தோன்றலாம். நிலமும் கால்நடையுமே வாழ்வாகக் கொண்ட ஊரில் காட்டத்தக்கது வேறு என்ன?

இங்கே காண்போர் வேறு, நடப்போர் வேறு அல்லர். மக்களில் பாதிப்பேர் நடக்க, எஞ்சியோர் நின்று பெயர் சொல்லி அழைக்கின்றனர். கார்க் மாவட்டத்து டிரிப்ஸி என்னும் சிற்றூரில் எதிரெதிரே இருந்த இரு மதுக்கடைகளுக்கு இடையிலான தொலைவே அணிவகுப்பின் நீளமாக இருந்தது. உலகிலேயே குறுகியது என்று அவ்வூரார் பெருமை பேசினர். கடைகளுள் ஒன்று மூடப்பட்டபின் அதுவும் நின்றது.

ஆகவே, யார் வந்தனர் என்பதோடு யார் வரவில்லை என்பதும் அங்கே தெரிந்துவிடும். 2008ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் இளைஞர் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் சென்றனர். ஓர் ஆட்டக் குழுவுக்கு வேண்டிய பதினைவரைத் திரட்டவும் சில ஊர்க்கழகங்கள் இடர்ப்பட்டன. சிறாரும் முதியோரும் மிகுந்து, இடையில் உள்ளோர் அருகிய வரிசையைக் காணும் தாயின் மனத்தை நாம் ஊகிக்கலாம்.

அவ்விடைவெளியில் புதியோர் வந்து சேர்ந்துள்ளனர். மாயோ மாவட்டத்துப் பாலிஹானிஸ் என்னும் சிற்றூரில் 1970களில் ஹலால் இறைச்சி ஆலை அமைந்தது. 1987இல் பள்ளிவாசல் எழுந்தது. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவ்வூர் மக்களுள் 39.5 விழுக்காட்டினர் அயல்நாட்டுக் குடிமக்கள். நாட்டிலேயே அதுதான் மிக உயர்ந்த அளவு. பல ஊர்களில் இன்று கேரளத்துச் செவிலியர் குடும்பங்களும் பிரேசில் நாட்டாரும் தத்தம் உடையணிந்து அணிவகுப்பில் நடக்கின்றனர். அவர்களை எல்லாரும் ஒருபோல் வரவேற்கின்றனர் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் ஒலிபெருக்கியில் அவர்கள் பெயரும் வாசிக்கப்படுகிறது. அடிமையாக வந்த அயலாரின் நாளில் இது நிகழ்வது பொருத்தமே.

கொரோனாத் தொற்றால் 2020, 2021 ஆகிய ஈராண்டுகளும் தெருக்கள் வெறுமையாய்க் கிடந்தன. 2022இல் அணிவகுப்பு மீண்டும் நடந்தது. தொற்றில் மாண்டோரை நினைவுகூர அரசு மறுநாளையும் விடுமுறையாக்கியது. ஆனால் உழவர்க்கு ஏது விடுமுறை? அது கன்றீனும் பருவம். மாலைப் பால் கறவைக்கு முன் டிராக்டர்கள் பண்ணை திரும்பிவிடும்.