உலகை நடுங்க வைத்தவர் பீன்ஸ் டப்பாவில் பசியாறினார்!

பேய்க் கதை எழுத்தாளர் லவ்கிராப்ட்டின் கண்ணீர்க் கணக்கு

பேய்க் கதை எழுதுகிறவர் என்றால் பெரிய பங்களா, வாசலில் கார், கட்டுக் கட்டாகப் பணம் என்று நினைக்கிறீர்களா?

அமெரிக்காவில் பிராவிடன்ஸ் என்ற ஊரில் வாழ்ந்த எச்.பி.லவ்கிராப்ட்டின் கதையைக் கேளுங்கள். அந்த நினைப்பு பறந்து போகும்.

திகில் கதைப் பிரியர்களுக்கு இவர் பெயர் அத்துப்படி. கடலுக்கு அடியில் தூங்கிக் கொண்டிருக்கும் "கதுல்ஹூ" என்ற பயங்கர ஜந்துவைப் படைத்தவர் இவர்தான். சினிமா, படக்கதை, வீடியோ விளையாட்டு என்று அந்த ஜந்து இன்று போகாத இடம் இல்லை.

அந்தக் கதையை எழுதியதற்கு இவருக்குக் கிடைத்த கூலி எவ்வளவு தெரியுமா?

165 டாலர்! அவ்வளவுதான்.

46 வயதில் இவர் கண்ணை மூடினார். அதுவரை இவர் பெயரில் வெளிவந்த கதைப் புத்தகம் ஒன்றே ஒன்று. அதுவும் சுமார் 200 பிரதிதான் பைண்டு செய்தார்கள். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் அச்சுப் பிழை!

பணக்கார வீட்டுப் பிள்ளை

ஹோவர்டு பிலிப்ஸ் லவ்கிராப்ட் 1890-ம் ஆண்டு ஆகஸ்டு 20-ந் தேதி பிறந்தார். தாய் வழித் தாத்தா பெரிய பணக்காரர். பேரனை உட்கார வைத்து, தானே இட்டுக் கட்டிய பேய்க் கதைகளைச் சொல்லுவார். பையனுக்கு அந்த ருசி அப்போதே ஒட்டிக் கொண்டது.

அப்பா, வெள்ளிச் சாமான் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பவர். 1893-ல் சிகாகோ ஓட்டலில் தங்கி இருந்தபோது திடீரென்று அவருக்குப் புத்தி பேதலித்தது. மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 5 வருடம் கழித்து அங்கேயே இறந்தார்.

1904-ல் தாத்தாவும் போய் விட்டார். அவருடைய தொழில் நொடித்து, பிறந்து வளர்ந்த வீடு கை விட்டுப் போனது. அப்போது லவ்கிராப்ட்டுக்கு வயது 13.

1908-ல் நரம்புத் தளர்ச்சி வந்து படிப்பு நின்றது. பள்ளிக்கூடப் படிப்பையே முடிக்கவில்லை. அதற்குப் பிறகு பல வருடம் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார். 1919-ல் அம்மாவும், அப்பா இறந்த அதே ஆஸ்பத்திரிக்குப் போனார். 1921-ல் அவரும் அங்கேயே இறந்தார்.

கையில் இருந்தது என்ன? தாத்தா விட்டுப் போன சொத்தில் தேய்ந்து கொண்டே வந்த ஒரு பங்கு. அப்புறம் ஒரு பேனா.

ஒரு அத்தியாயம் 5 டாலர்

காசுக்கு எழுதிய முதல் கதை, செத்தவர்களை எழுப்பி விடும் மருத்துவ மாணவனைப் பற்றியது. சிநேகிதர் ஒருவர் நடத்திய சிறு பத்திரிகையில் 6 அத்தியாயமாக வந்தது. அத்தியாயத்துக்கு 5 டாலர். ஒவ்வொரு அத்தியாயம் முடியும்போதும் வாசகனை ஒரு தூக்கு தூக்கிப் போட வேண்டும் என்பது நிபந்தனை. இப்படி ஆர்டருக்கு எழுதுவது தனக்கு ஒத்து வராது என்று நண்பர்களுக்குக் கடிதம் எழுதிப் புலம்பினார்.

1923-ல் சிகாகோவில் "வியர்டு டேல்ஸ்" என்ற பேய்க் கதைப் பத்திரிகை தொடங்கியது. மட்டமான காகிதம், மிரட்டும் அட்டைப்படம். லவ்கிராப்ட் 5 கதைகளை அனுப்பினார். வரிக்கு வரி இடம் விட்டு மறுபடி டைப் அடித்து அனுப்பும்படி ஆசிரியர் சொன்னார்.

டைப் அடிப்பது என்றால் இவருக்கு வேப்பங்காய்! ஆனாலும் பல்லைக் கடித்துக் கொண்டு ஒரு கதையை அடித்து அனுப்பினார். அது அக்டோபர் இதழில் வந்தது.

அந்தப் பத்திரிகையில் இவருக்குக் கிடைத்த உச்ச ரேட்டு ஒரு வார்த்தைக்கு ஒன்றரை சென்ட். அதுவும் கதையை ஏற்றுக் கொண்டவுடன் பணம் வராது. அச்சில் வந்த பிறகுதான் வரும். வீட்டு வாடகை அதுவரை காத்திருக்குமா?

கல்யாணத்துக்கு முதல் நாள்...

1924-ல் ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. பூட்டு, சங்கிலிகளில் இருந்து தப்பித்துக் காட்டும் பிரபல வித்தைக்காரர் ஹவுடினியின் பெயரில் எகிப்து பிரமிடு பற்றி ஒரு திகில் கதை எழுதித் தர வேண்டும். கூலி 100 டாலர். அதுவும் முன்பணமாக!

ராத்திரி பகலாக எழுதி, டைப்பும் அடித்து முடித்தார். மறுநாள் நியூயார்க்கில் அவருக்குக் கல்யாணம். ரெயிலுக்குப் புறப்பட்டார். ஸ்டேஷனில் அசந்து போனதில் டைப் அடித்த கட்டு காணாமல் போய் விட்டது! பேப்பரில் "காணவில்லை" விளம்பரம் கொடுத்தும் பலன் இல்லை.

நல்ல வேளையாகக் கையெழுத்துப் பிரதி கூடவே இருந்தது. மார்ச் 3-ந் தேதி சோனியா கிரீனுக்கு மோதிரம் மாற்றினார். பிறகு புதுமணத் தம்பதிகள் தேனிலவுக்குப் பிலடெல்பியா போனார்கள். அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு டைப்ரைட்டரைப் பிடித்துப் பிரமிடு கதையை மறுபடியும் அடித்து முடித்தார்கள்!

வேலை தேடி அலைந்தார்

நியூயார்க்கில் சோனியாதான் சம்பாதித்தார். அவர் நடத்திய தொப்பிக் கடை படுத்து விட்டது. உடம்பும் கெட்டது. 1925-ல் வேலைக்காக வேறு ஊருக்குப் போனார். லவ்கிராப்ட் புரூக்ளினில் ஒற்றை அறையில் தனியாகக் கிடந்தார்.

34 வயது. ஒரு ஆபீசிலும் வேலை பார்த்த அனுபவம் இல்லை. யார் வேலை கொடுப்பார்கள்? ஏறாத படி இல்லை. கிடைத்தது, ஒரு புத்தகக் கடையில் சில வாரம் கவர் மேல் விலாசம் எழுதும் வேலை.

போதாக்குறைக்கு, அறைக்குள் திருடன் புகுந்து உடுப்புகளை வாரிக் கொண்டு போய் விட்டான். டப்பாவில் அடைத்த பீன்ஸ், ரொட்டி, கொஞ்சம் பாலாடைக் கட்டி. அதுதான் சாப்பாடு. சூடு பண்ணக்கூட வழி இல்லாமல் அப்படியே சாப்பிட்ட நாட்கள் உண்டு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கறுப்பர், யூதர், வெளிநாட்டில் இருந்து வந்த ஏழைகள் என்றால் இவருக்கு ஆகாது. நியூயார்க் கூட்டத்தில் அந்த வெறுப்பு இன்னும் முற்றியது. கடிதங்களிலும் சில கதைகளிலும் அந்த விஷம் அப்படியே இறங்கி இருக்கிறது. இத்தனைக்கும் மனைவி சோனியா, உக்ரைனில் இருந்து வந்த யூதப் பெண்!

1926 ஏப்ரலில் பிராவிடன்சுக்கே திரும்பினார். கல்யாண வாழ்க்கை அத்தோடு முடிந்த மாதிரிதான்.

ராத்திரி ராஜா

சொந்த ஊர் மண்ணை மிதித்ததும் பேனா ஓட ஆரம்பித்தது. ஒரே வருடத்துக்குள் கதைகளாகக் கொட்டின. "கதுல்ஹூவின் அழைப்பு" அப்போது பிறந்ததுதான்.

ஊர் அடங்கிய பிறகுதான் இவருக்கு வேலை நேரம். கனவில் கண்டது, தெருவில் பார்த்தது, புத்தகத்தில் படித்தது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பார். எழுத உட்காரும்போது இரண்டு பட்டியல் போடுவார். சம்பவங்கள் நடந்த வரிசை ஒன்று. வாசகனுக்கு அவிழ்த்துக் காட்ட வேண்டிய வரிசை இன்னொன்று. இரண்டும் ஒன்றாக இருக்காது. அங்கேதான் திகிலே இருக்கிறது!

எழுதியதை அடித்து, திருத்தி, ஓரத்தில் நுணுக்கி நுணுக்கிச் சேர்ப்பார். அந்தக் காகிதத்தைப் பார்த்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். பிறகு டைப் அடிக்க வேண்டுமே!

அதற்குச் சோம்பிப் போய் ஒரு முழு நாவலையே அலமாரியில் போட்டு விட்டார். "சார்லஸ் டெக்ஸ்டர் வார்டு" என்ற அந்த நாவல் 50 ஆயிரம் வார்த்தை. உச்ச ரேட்டில் கணக்குப் போட்டால் 750 டாலர்! அவர் செத்து 4 வருடம் கழித்துத்தான் அது அச்சேறியது.

அடுத்தவர் பெயரில் பேய்கள்

சரி, அடுப்பு எப்படி எரிந்தது?

மற்றவர்கள் எழுதிய கதைகளைத் திருத்திக் கொடுத்தார். கவிதை, கட்டுரை, சொற்பொழிவு எது வந்தாலும் சரி. பேய்க் கதை என்றால் திருத்துவது பேருக்குத்தான். பல சமயம் முழுக் கதையையும் இவரே எழுதி விடுவார். பெயர் மட்டும் வாடிக்கையாளருடையது.

சீலியா பிஷப் என்ற பெண்மணி, ஒரு மண்மேட்டில் தலை இல்லாத பேய் உலவுகிறது என்று இரண்டு வரிக் குறிப்பு கொடுத்தார். லவ்கிராப்ட், பூமிக்கு அடியில் ஒரு முழு உலகத்தையே படைத்துக் குறுநாவலாகக் கொடுத்து விட்டார். வாங்கிய காசுக்கும் செய்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை!

கையை விரித்த ஆசிரியர்

"வியர்டு டேல்ஸ்" ஆசிரியராகப் பிறகு வந்த பார்ன்ஸ்வொர்த் ரைட், "கதுல்ஹூ" கதையை முதலில் திருப்பி அனுப்பி விட்டார். இளம் நண்பர் டொனால்டு வாண்ட்ரி ஆபீசுக்கே போய், "வேறு பத்திரிகைக்குப் போகப் போகிறது" என்கிற மாதிரி பேச்சோடு பேச்சாகப் போட்டு வைத்தார். ஆசிரியர் கதையைத் திரும்பக் கேட்டு வாங்கி 1928 பிப்ரவரியில் போட்டார்!

விஞ்ஞானக் கதைப் பத்திரிகை ஒன்று "விண்ணில் இருந்து வந்த நிறம்" என்ற கதைக்கு 25 டாலர்தான் கொடுத்தது. அதையும் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டி இருந்தது. தன் கதைகளிலேயே சிறந்தது என்று அவர் நினைத்த கதை அது.

பெரிய அடி 1931-ல் விழுந்தது. பனி உறைந்த தென் துருவத்தை வைத்து "பைத்தியத்தின் மலைகள்" என்ற குறுநாவலை எழுதினார். ரைட் கையை விரித்து விட்டார். ரொம்ப நீளமாம். தொடராகத் துண்டு போடவும் முடியாதாம்.

மனுஷன் இடிந்து போனார். புத்தகம் போடுவதாகக் கதைகளைக் கேட்டு வாங்கிய இரண்டு பெரிய கம்பெனிகளும் திருப்பி அனுப்பின. தான் உருப்படியாக எழுதவில்லை என்று அவரே நம்பத் தொடங்கினார். பிறகு எழுதிய கதைகள் மிகக் கொஞ்சம். எழுதியதையும் யாருக்கும் அனுப்ப மாட்டார்.

ஜனரஞ்சகமாக மாற்றி எழுதினால் காசு கிடைத்திருக்கும். அதற்கு மட்டும் கடைசி வரை சம்மதிக்கவில்லை. சாப்பாட்டைக் குறைத்தார். வாரத்துக்கு 2, 3 டாலரில் வயிற்றைக் கழுவினார்.

1935-ல் நண்பர்கள் இரண்டு நீளக் கதைகளை வேறு பத்திரிகைக்கு விற்றுக் கொடுத்தார்கள். ஒன்றுக்கு 350 டாலர், மற்றதற்கு 280. வாழ்க்கையில் ஒரே நேரத்தில் அவ்வளவு பணம் பார்த்தது அபூர்வம். ஆனால் பத்திரிகை வந்ததும் ஆத்திரம் பொங்கியது. "மலைகள்" கதையின் பாராக்களைக் கண்டபடி வெட்டி இருந்தார்கள். பேனாக் கத்தியும் பென்சிலுமாக உட்கார்ந்து, தன் பிரதிகளில் ஒவ்வொரு பிழையாகத் திருத்தினார்!

தபாலில் வளர்ந்த பிள்ளைகள்

கதைக்குச் செலவழித்ததை விட அதிக நேரத்தைக் கடிதத்துக்குச் செலவழித்தார். வாழ்நாளில் எழுதியவை பல பத்தாயிரம் கடிதங்கள் என்பது ஆராய்ச்சியாளர்கள் கணக்கு. சில கடிதங்கள் 30, 40 பக்கம் போகும். எழுத ஆசைப்பட்ட பொடியன்களுக்கும் பொறுமையாகப் பதில் போடுவார்.

அப்படி 1933-ல் கடிதம் போட்ட பையன்தான் ராபர்ட் பிளாக். பிற்காலத்தில் "சைக்கோ" நாவல் எழுதியவர். ஹிட்ச்காக் படமாக எடுத்தாரே, அதே "சைக்கோ"! குருவும் சிஷ்யனும் ஒரு தடவைகூட நேரில் சந்தித்தது இல்லை. பையன் தன் கதையில் லவ்கிராப்ட் மாதிரி ஒருவரைப் பேய்க்குப் பலி கொடுத்தான். பதிலுக்கு அவரும் "ராபர்ட் பிளேக்" என்று ஒரு எழுத்தாளனைப் படைத்துத் தன் கதையில் தீர்த்துக் கட்டினார்!

ஆஸ்பத்திரியில் 5 நாள்

வயிற்று வலியோடு ரொம்ப நாள் தள்ளி வந்தார். 1937 மார்ச் 10-ந் தேதி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குடலில் புற்றுநோய். முற்றிப் போய் இருந்தது. 15-ந் தேதி காலை உயிர் பிரிந்தது. குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

கடிதத்தில் வளர்ந்த சிஷ்யர்கள் சும்மா இருக்கவில்லை. ஆகஸ்ட் டெர்லத்தும் வாண்ட்ரியும் கதைகளைத் திரட்டினார்கள். பெரிய கம்பெனிகள் கைவிட்டதால் தாங்களே "ஆர்க்காம் ஹவுஸ்" என்ற பதிப்பகத்தைத் தொடங்கி, 1939-ல் பெரிய புத்தகமாகக் கொண்டு வந்தார்கள். 1,268 பிரதி. விலை 5 டாலர். விற்றுத் தீர 4 வருடம் ஆனது. இன்று அந்தப் பதிப்பில் ஒரு பிரதி கிடைத்தால் பல ஆயிரம் டாலர் கொடுக்க ஆள் இருக்கிறது!

1975 முதல் உலக மாய இலக்கியப் பரிசாக இவருடைய தலைச் சிலையையே கொடுத்து வந்தார்கள். இவருடைய இனவெறி பற்றி எழுத்தாளர்கள் பலர் எதிர்ப்புக் கிளப்பியதால், 2015-ல் அந்தச் சிலையைக் கைவிடுவதாக அறிவித்தார்கள்.

கல்லறையில் இவருக்கென்று தனியாகக் கல் கிடையாது. குடும்பத் தூணில் பெயரை மட்டும் பொறித்து இருந்தார்கள். செத்து 40 வருடம் கழித்து, 1977-ல், வாசகர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுக் கல் நாட்டினார்கள்.

அவருடைய கையெழுத்துப் பிரதிகளும் கடிதங்களும் பிராவிடன்சில் உள்ள பிரவுன் பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. சின்ன வயதில் அவர் சேர்ந்து படிக்க ஆசைப்பட்டு, முடியாமல் போன பல்கலைக்கழகம் அதுதான்.