வலிக்காத புண்ணுக்கு மாவுக்கட்டு

உள்ளங்காலில் முள் குத்தினால் நொண்டி நொண்டித்தான் நடப்போம். அந்த நொண்டல்தான் முதல் வைத்தியம். புண் மேல் எடை விழாமல் உடம்பே பார்த்துக்கொள்கிறது. பல வருடச் சர்க்கரை நோயில் நரம்பு கெட்டுப் பாதம் மரத்துப்போனவர்களுக்கு இந்தக் காவல் இல்லை. பெருவிரலின் அடியில் குழிவிழுந்த புண்ணோடு பஸ் பிடிக்கிறார்கள், மாடி ஏறுகிறார்கள், நாள் முழுக்கக் கடையில் நிற்கிறார்கள். தரையில் ஈரத் தடம் பட்ட பிறகுதான் வீட்டில் யாராவது கவனிக்கிறார்கள்.

ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருப்பதால்தான் புண் ஆறவில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெளிவானது வேலூரில், தொழுநோயாளிகளின் கால்களில்.

1914இல் கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் வந்தால் சதையே அழுகிவிடும், அந்தப் புண் ஆறாது என்று அன்று நம்பினார்கள். பிராண்ட் அறுவை செய்து தைத்த கைகளோ மற்றவர்களுக்கு ஆறுவதுபோலவே ஆறின. சதையில் குறையில்லை, வலி உணர்வுதான் போயிருக்கிறது என்று அவர் கண்டார். வலிக்காததால் அதே இடத்தை மிதித்து மிதித்து அவர்களே புண்ணைத் திறந்துகொண்டிருந்தார்கள். காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு மிதிப்பதைத் தடுத்தால் புண் மூடியது. 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனவர், சர்க்கரை நோயாளிகளின் பாதத்திலும் அதே கதை நடப்பதைக் கண்டார். மாவுக்கட்டு அவர்களுக்கும் போனது.

எலும்பு முறிவுக்குப் போடும் கட்டு அல்ல இது. பாதத்தின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் ஒட்டி, விரல் நுனியிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை வார்க்கிறார்கள். ஒரே புள்ளியில் விழுந்த எடையை உள்ளங்கால் முழுவதும் கெண்டைக்காலும் பகிர்ந்துகொள்கின்றன. வீக்கம் வடிய வடியக் கட்டு தளரும் என்பதால் வாரத்துக்கு ஒருமுறை பிரித்துப் புதிதாகப் போட வேண்டும். பலருக்கு ஆறு முதல் எட்டு வாரங்களில் புண் மூடிவிடுகிறது. கடுமையாகச் சீழ் பிடித்த காலுக்கும் ரத்த ஓட்டம் மிகக் குறைந்த காலுக்கும் இது ஆகாது. அங்கே சீழை வெளியேற்றுவதும் அடைபட்ட ரத்தக் குழாயைத் திறப்பதுமே முதல் வேலை.

கழற்ற முடியாததுதான் இந்தக் கட்டின் பலம். கழற்றி மாட்டும் வசதியுள்ள பூட்ஸைக் கொடுத்து, நோயாளிகளுக்குத் தெரியாமல் அதற்குள் நடையை அளக்கும் கருவி வைத்துப் பார்த்தது 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று. அன்றாட நடமாட்டத்தில் 28 விழுக்காட்டின்போதுதான் அதை அணிந்திருந்தார்கள். அவர்களைக் குறைசொல்வதில் நியாயமில்லை. வலிக்காத காலுக்கு யார்தான் கட்டுப்பட்டிருப்பார்கள்? ஆனால், தினமும் புண்ணின் மருந்துக் கட்டை மாற்ற அந்தக் காலாலேயே மருத்துவமனைக்கு நடந்து போய்வரும்போது, விலை உயர்ந்த களிம்பும் மாத்திரையும் தோற்றுப்போகின்றன. இதை முதல் நாளே நோயாளிக்கு விளக்கிச் சொல்ல வேண்டும்.

புண்ணைச் சுற்றித் தடித்த காய்ப்பைச் செதுக்கி எடுப்பதும் சிகிச்சையில் முக்கியம். காய்ப்பே உள்சதையை அழுத்தும் கல். அதை வீட்டில் பிளேடால் சீவுவது, கால் ஆணிக்குக் கடையில் விற்கும் அமிலப் பட்டையை ஒட்டுவது, மரத்த காலை வெந்நீரில் வைப்பது மூன்றும் ஆபத்து. உச்சி வெயிலில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலோடு சுற்றிக் கொப்புளம் வாங்கியவர்களுக்குச் சூடு பட்டதே தெரிந்திருக்காது.

காலில் உணர்வு இருக்கிறதா என்று சோதிக்க 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழை போதும். சில நிமிட வேலை. இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடி. இந்த நோயாளிகளில் 19 முதல் 34 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது பாதப்புண் வரலாம் என்கிறது மருத்துவ உலகம். ஆண்டுக்கு ஒருமுறை காலைக் காட்டி அந்தச் சோதனையைக் கேட்டு வாங்கலாம்.

புண் மூடிய பிறகும் கவனம் வேண்டும். ஆறியவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் மறுபடி வருகிறது. எம்.சி.ஆர் என்னும் நுண்துளை ரப்பர் செருப்பைப் பின்பட்டையோடு, வீட்டுக்குள்ளும் போட வேண்டும். இரவில் இரு பாதங்களையும் தொட்டுப் பார்க்கலாம். தோல் வெப்பமானியில் ஒரு காலின் ஓரிடம் மற்றக் காலின் அதே இடத்தைவிட 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால் உள்ளே சதை நைந்துகொண்டிருக்கலாம். அன்றே நடையைக் குறைத்து, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.