துப்பாக்கிக்குக் குளிர் ஜுரமா?

ராத்திரி பகலா முழிச்சு ஒரு துப்பாக்கி மாடல் செஞ்சு, கேமுக்குள்ள ஏத்தினா... சும்மா நிற்கும்போதே வெடவெடன்னு நடுங்குதா? கம்ப்யூட்டரைத் திட்டாதீங்க பாஸ். வியாதி ஃபைலுக்குள்ள இருக்கு!

1996-ல் வந்த 'க்வேக்' கேமில் ஆயுதங்களுக்கு எலும்புக்கூடு கிடையாது. மாடலின் ஒவ்வொரு புள்ளியும் (அதுதாங்க வெர்டெக்ஸ்) ஒவ்வொரு ஃப்ரேமிலும் எங்கே நிற்குதுன்னு அப்படியே எழுதி வெச்சிடுவாங்க. இதுதான் வெர்டெக்ஸ் அனிமேஷன். ஒரு புள்ளிக்கு 4 பைட். நீளம், அகலம், உயரத்துக்குத் தலா 1. வெளிச்சக் கணக்குக்கு 1. 300 புள்ளி, 30 ஃப்ரேம்னா மொத்தமே 36,000 பைட். செம சிக்கனம்!

சிக்கலும் அங்கேதான். 1 பைட்டில் 256 எண்தான் அடங்கும். எல்லா ஃப்ரேமிலும் மாடல் நடமாடும் இடத்தை ஒரு பெட்டியா நினைச்சுக்கோங்க. பெட்டியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் 255 படிதான். புள்ளிகள் படி மேலதான் நிற்கணும், நடுவில் நிற்க முடியாது. பெட்டி 40 யூனிட் நீளம்னா ஒரு படி 0.16 யூனிட். ரீலோடு பண்ணும்போது காலி மேகஸினை ஸ்டைலா வீசப்போய் பெட்டி 200 யூனிட் ஆச்சுன்னு வைங்க... படி 0.78! வீசினது ஒரே ஃப்ரேம், நடுங்குறது எல்லா ஃப்ரேமும். டிஜிட்டல் கம்யூனிகேஷன் பேப்பருக்காக 'குவான்டைசேஷன் எரர்'னு மனப்பாடம் பண்றோமே, சாட்சாத் அதேதான் இது!

மருந்து சிம்பிள். எறியும் பொருள் திரையைத் தாண்டினதும் நிறுத்திடுங்க. முதல் ஃப்ரேமிலிருந்து கடைசி வரை புள்ளிகளின் எண்ணிக்கையும் வரிசையும் மாறவே கூடாது. இரண்டு ஃப்ரேமுக்கு நடுவை நேர்கோட்டில் நிரப்பும் இன்ஜின்னா, சுழலும் குழாயை ஒரே ஃப்ரேமில் அரைச்சுற்று சுத்தாதீங்க. பாதி வழியில் நசுங்கிடும்! கொஞ்சம் கொஞ்சமா திருப்புங்க.

1999-ல் வந்த 'க்வேக் 3' ஒவ்வொரு திசைக்கும் 2 பைட் கொடுத்தது. படி 1/64 யூனிட். குழாயைத் தனி மாடலா செஞ்சு மாட்டவும் வழி வந்தது. 2004-ல் வந்த 'டூம் 3' எலும்புக்கூட்டுக்கே தாவிடுச்சு. ஆனாலும் படபடக்கும் துணி, பெரிய கூட்டம்னு வெர்டெக்ஸ் அனிமேஷனுக்கு இன்னைக்கும் வேலை இருக்கு.

பழகணுமா? 'பிளெண்டர்' இலவசம். 'க்வேக்' சோர்ஸ் கோடும் 1999-லேயே வெளியாகிடுச்சு. அதில் ஷாட்கன் சுடுவதற்கு 6 ஃப்ரேம்தான். இந்த வீக்எண்டுக்கு அந்த 6 போதும். ஆரம்பிங்க!