கடைமடைக்கும் நீர் பாய வேண்டும்



கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாரூர்ப் பெரிய ஏரியை நம்மில் பலர் கண்டிருப்போம். தென்பெண்ணையாற்று நீர் நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக வந்து இவ்வேரியை நிரப்புகிறது. ஏரியினின்று கிழக்கு, மேற்கு என இரு பெரிய கால்வாய்கள் பிரிந்து ஏறத்தாழ 2,400 ஏக்கர் நிலத்திற்குப் பாசனம் அளிக்கின்றன. முறை வைத்துச் சில நாள் மதகைத் திறப்பார்கள். சில நாள் அடைப்பார்கள். தலைமடைக்காரர் தம் வயல் நிறைந்ததும் மடையை அடைத்து, நீரைக் கீழே விட வேண்டும். அவர் மனம் வைக்காவிடில், ஏரி ததும்பி நிற்கும்போதே கடைமடைப் பயிர் கருகிவிடும்.

கிறிஸ்துநாதரின் அன்பும் வற்றாத ஏரியே. ஆயினும் நம் பங்குகளில் அது கடைமடை வரை பாய்கிறதா? இக்கேள்வியை முதன்முதல் என்னிடமே கேட்க நேர்ந்தது ஒரு சிறு நிகழ்ச்சியால்.

ஓசூர்ப் பக்கத்துப் பங்கொன்றில் நான் பணியாற்றிய காலம். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவான நாள்முதல் பல ஊர்களிலிருந்தும் மக்கள் வந்து குடியேறிய பகுதி அது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என நான்கு மொழிகளும் ஒரே தெருவில் ஒலிக்கும். அண்மை ஆண்டுகளில் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இளைஞரும் இளம்பெண்களும் ஆலைகளுக்கு வேலைக்கு வந்துள்ளனர். அவர்களுள் கத்தோலிக்கர் பலர்.

ஞாயிறுதோறும் கோவிலின் கடைசி வரிசையில் நான்கைந்து பெண்கள் வந்து அமர்வார்கள். திருப்பலி முடிந்ததும் அமைதியாகச் சென்றுவிடுவார்கள். அம்மாதம் முழுவதும் நான் சகோதர அன்பைப் பற்றியே பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் அவர்களுள் ஒருத்தி, இறந்துபோன தன் தந்தைக்காகப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டுமென்று தயங்கித் தயங்கி வந்தாள். “எத்தனை நாளாகக் கோவிலுக்கு வருகிறாய், அம்மா?” என்றேன். தட்டுத்தடுமாறிய தமிழில், “ஏழு மாதம், ஃபாதர்” என்றாள். “யாரையாவது தெரியுமா?” என்றதற்குத் தலையசைத்து மறுத்தாள். குறிப்பேட்டில் எழுதுவதற்காகப் பெயரைக் கேட்டேன். அக்கோவிலில் அவள் பெயரை ஒருவர் கேட்டது அன்றுதான் முதல் தடவையாம். ஏழு மாதம் என் கையால் நற்கருணை வாங்கியவள்! அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அவள் விசுவாசம் நம்முடையதைவிடக் குறைந்ததா? சோட்டாநாக்பூர் மலைநாட்டில் 1885-ஆம் ஆண்டு பெல்ஜிய நாட்டுச் சேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் பணி தொடங்கினார். நிலத்தை இழந்து தவித்த பழங்குடி மக்களுக்காக நீதிமன்றங்களில் துணைநின்று, அவர்களிடையே விசுவாசத்தை வேரூன்றச் செய்தார். அந்த மண்ணின் மகனாகிய ராஞ்சிப் பேராயர் தெலஸ்போர் தோப்போ 2003-இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். அத்தகைய திருச்சபையின் பிள்ளைகள் நம் கோவிலில் அந்நியராய் அமர்ந்திருக்கிறார்கள்.

இத்தகைய குறை ஆதித் திருச்சபையிலும் இருந்தது. அப்போஸ்தலர் பணி நூலின் ஆறாம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று, கிரேக்க மொழி பேசிய விசுவாசிகள் எபிரேயர்மீது முறையிட்டனர். அப்போஸ்தலர் முறையிட்டோரைக் கடிந்துகொள்ளவில்லை. அன்பைப் பற்றி நீண்ட உரையும் ஆற்றவில்லை. நற்சான்று பெற்ற எழுவரைத் தேர்ந்துகொள்ளச் சொல்லி, பந்தி விசாரணையை அவர்களிடம் ஒப்படைத்தனர். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். புறக்கணிக்கப்பட்டோர் பக்கத்தவர் கையிலேயே பங்கிடும் பொறுப்பு சென்றது என்பதை இது காட்டுகிறது. அவர்களுள் ஒருவரே முதல் வேதசாட்சியாகிய புனித முடியப்பர். அதன்பின் சீடர்களின் தொகை பெருகிற்று என்று அந்நூலே சொல்கிறது.

கொரிந்து நகரத்தில் செல்வர் முந்தி உண்டு, ஏழைகள் பசித்திருந்தபோது, அது ஆண்டவருடைய விருந்தே அன்று என்று புனித சின்னப்பர் கண்டித்தார். நம் தமிழ்நாட்டிலோ இதனினும் கொடிய காட்சி இருந்தது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயத்தில் பீடம் ஒன்று. மக்கள் கூடும் மண்டபங்களோ இரண்டு. இடையே ஒரு சுவர். ஒரு சாதியார் ஒருபுறம், மற்றவர் மறுபுறம். ஒரே அப்பத்தை உண்டோர் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் மன்றாடினர். 1910-இல் கௌசானல் அடிகளார் அச்சுவரை இடித்தகற்றினார். எதிர்த்தோர் நீதிமன்றம் ஏறினர். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றும், ஆலயத்தில் சாதிக்கெனத் தனியிடம் கேட்ட உரிமை நிலைக்கவில்லை.

கற்சுவர் விழுந்தது. மனச்சுவரும் விழுந்துவிட்டதா? திருச்சபைக்குள் தீண்டாமை இன்னும் நிலவுகிறது என்பதை 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை ஏட்டில் நம் ஆயர் பேரவையே ஒப்புக்கொண்டது. சாதியால் எழும் சுவர் ஒன்று. மொழியால் எழும் சுவர் மற்றொன்று. சேலம் மறைமாவட்டத்தினின்று 1997-இல் பிரிந்து உருவான நம் தருமபுரி மறைமாவட்டத்தின் எல்லைப்புறப் பங்குகளில் இவ்விரண்டையும் காணலாம்.

அன்பர்களே, சகோதர அன்பு ஒரே நாளில் முளைப்பதன்று. நாற்றைப் போல நட்டு, நீர் விட்டு வளர்க்க வேண்டியது. அதற்கு மூன்று எளிய வழிகளைக் கூற விழைகிறேன்.

முதலாவது, பெயர் கேளுங்கள். அடுத்த ஞாயிறன்று உங்களுக்குத் தெரியாத ஒருவரிடம் சென்று, அவர் பெயரையும் ஊரையும் விசாரியுங்கள். நல்ல ஆயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பதாக நம் ஆண்டவர் கூறினார் அன்றோ?

இரண்டாவது, உணவைப் பகிருங்கள். கிறிஸ்மஸ், பாஸ்கா நாட்களில் விடுதியில் தனித்திருக்கும் பிள்ளைகள் இருவரை வீட்டுக்கு அழைத்து வாருங்கள். மொழி தெரியாதே என்று கலங்க வேண்டாம். இலையில் பரிமாறும் கைக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

மூன்றாவதும் கடினமானதும் இதுவே: பொறுப்பைப் பகிருங்கள். பங்குப் பேரவையிலும், திருவிழாக் குழுவிலும், வாசகம் வாசிப்பதிலும், தேர் தூக்குவதிலும் கடைசி வரிசைக்காரருக்கு இடம் கொடுங்கள். இரக்கப்பட்டு உதவுவது எளிது. நம் அதிகாரத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பதுதான் தலைமடைக்காரர் தம் மடையை அடைத்து நீரைக் கீழே விடுவதற்கு ஒப்பாகும். அப்போஸ்தலர் செய்தது அதுவே.

அந்தப் பெண்ணின் தந்தைக்காக மறுவாரம் திருப்பலி ஒப்புக்கொடுத்தேன். முன்னரே அறிவித்திருந்ததால், பூசை முடிந்ததும் எங்கள் ஊர்த் தாய்மார் சிலர் அவளைச் சூழ்ந்துகொண்டனர். ஒரு பாட்டியம்மாள் அவள் கையைப் பிடித்து, “வீட்டுக்கு வா, கண்ணு” என்றார். அவளுக்குச் சொல் புரிந்ததோ இல்லையோ, அவரோடு நடந்து சென்றாள். மறு ஞாயிறு அவ்விருவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கக் கண்டேன்.

ஏரி நிறைந்தே இருக்கிறது. மடையைத் திறப்பது நம் கையில் உள்ளது. அதற்கான மனத்தை அன்பின் ஆண்டவர் நமக்கெல்லாம் அருள்வாராக!