எலுமிச்சைக் குலக் கனிகளும் உடல் நலமும்

ஆந்திரம், தமிழ்நாடு, கருநாடகம் ஆகிய மூன்றும் கூடும் எல்லைப் பகுதியில், சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்குக் கோடியில் அமைந்துள்ளது குப்பம். கேழ்வரகுக் களியும் கீரையும் இவ்வட்டாரத்தின் பழகிய உணவு. சாத்துக்குடியும் எலுமிச்சையும் இங்கு எளிதில் கிடைப்பவை. இக்குலக் கனிகளை ஆராய்வதற்கெனவே திருப்பதியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டு. இக்கனிகள் அழற்சியைத் தணிக்கும் என்பது ஒரு நம்பிக்கை. பழம் எவருக்கும் தீங்கு செய்யாது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்ப்பது கிராமங்களில் பணியாற்றுவோருக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்தரும்.

காயமோ கிருமியோ தாக்கும்போது உடல் மேற்கொள்ளும் தற்காப்பே அழற்சி. சிவத்தல், வீங்குதல், சுடுதல், நோதல் ஆகியவை அதன் குறிகள். தணிய வேண்டிய காலத்தில் தணியாது நீடிப்பின், அது மூட்டுகளையும் இரத்தக் குழாய்களையும் கெடுக்கும். சாத்துக்குடியிலுள்ள ஹெஸ்பெரிடின், கிரேப்புரூட்டுக்குக் கசப்பூட்டும் நாரிஞ்சின் ஆகிய பொருள்கள் விலங்குகளிடம் அழற்சியைக் குறைத்தமை சோதனைகளிற் காணப்பட்டது. மனிதரிடம் நடந்த சோதனைகளின் முடிவுகளோ ஒருபடித்தாக இல்லை. ஆகவே, இக்கனிகளை நல்லுணவு எனலாமேயன்றி, அழற்சிக்கு மருந்து எனல் பொருந்தாது.

உணவு என்ற முறையில் இவற்றின் பயன் ஐயத்திற்கு அப்பாற்பட்டது. 100 கிராம் ஆரஞ்சுச் சுளையில் சுமார் 50 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு. வயது வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராமும் பெண்ணுக்கு 65 மில்லிகிராமும் தேவை என 2020இல் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வகுத்தது. இச்சத்து மிகவும் குறைந்தால் ஈறுகள் வீங்கிக் குருதி கசியும். கேழ்வரகிலும் கீரையிலுமுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதற்கும் இது துணைபுரியும். வெப்பம் இதனை அழிக்குமாதலால், எலுமிச்சைச் சாற்றை உணவை இறக்கிய பின்னரே பிழிதல் வேண்டும்.

இனி, எச்சரிக்கைக்குரிய செய்தி. கிரேப்புரூட் என்பது பம்பளிமாசும் ஆரஞ்சும் கலந்து பார்படோஸ் தீவில் தோன்றிய கலப்பினம். கனடா நாட்டு ஆய்வாளர் டேவிட் பெய்லியும் அவருடைய குழுவினரும் ஃபெலோடிபின் என்னும் இரத்த அழுத்த மருந்தை மதுவுடன் சேர்த்து ஆராய்ந்தனர். மதுவின் சுவையை மறைக்க இக்கனியின் சாற்றைக் கலந்தபோது, இரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பாராத வகையில் உயர்ந்தது. இது 1989இல் வெளியாயிற்று. குடற்சுவரில் மருந்தைச் சிதைக்கும் நொதியைச் சாற்றிலுள்ள ஃபியூரனோகூமரின் பொருள்கள் செயலிழக்கச் செய்வதே இதற்குக் காரணம். நொதி மீண்டும் போதிய அளவு உண்டாக ஒன்று முதல் மூன்று நாள் வரை ஆகுமாதலால், மருந்தைக் காலையிலும் பழத்தை மாலையிலும் உண்பதும் காப்பாகாது. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் போன்ற மருந்துகள் இவ்வாறு மிகுந்தால் தசைகள் சிதையக்கூடும்.

கிரேப்புரூட் குப்பத்துச் சந்தையில் அரிதெனினும், தென்னாட்டுத் தோட்டங்களில் காய்க்கும் பம்பளிமாசுக்கும் இத்தன்மை உண்டு, சாத்துக்குடிக்கு இல்லை. எனவே, நாள்தோறும் மருந்துண்போர் வீடுகளுக்குச் செல்லும் ஊழியர், அவர்கள் உண்ணும் பழம் எதுவென்றும் கேட்டறிதல் வேண்டும். பம்பளிமாசு உண்பவராயின், அதனை மருத்துவரிடம் தெரிவிக்கச் செய்தல் நலம். எக்காரணத்தாலும் மருந்தைத் தாமே நிறுத்திவிடலாகாது என்பதையும் உடன் சொல்லுதல் கடமையாகும்.