நற்கருணைப் பந்தியும் நாட்டு அரசியலும்



கற்பிட்டிக் குடாநாட்டின் கடலோரத்திலே அமைந்திருக்கிறது தலவில் புனித அன்னம்மாள் ஆலயம். மார்ச்சு மாதத்திலும் ஆகஸ்டு மாதத்திலும் அங்கு நிகழும் பெருவிழாக்களுக்குச் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். தமிழரும் சிங்களவரும், கத்தோலிக்கரும் பிற சமயத்தவரும் மரநிழலிலே பக்கம் பக்கமாகக் கூடாரம் அமைத்துத் தங்குவர். ஒரே சுரூபத்தின் முன்னே மெழுகுதிரி ஏற்றுவர். ஆயினும் பூசையின் போது குருவானவர் நற்கருணையை ஏந்திப் பீடத்தினின்றும் இறங்கி வந்ததும் அக்கூட்டம் இரண்டாகப் பிரிகின்றது. சிலர் முன்னே செல்கின்றனர். சிலர் இருந்த இடத்திலேயே இருந்து விடுகின்றனர்.

அங்ஙனம் இருந்துவிடுவோருள் கத்தோலிக்கரும் உளர். தம் மனச்சாட்சி தடுப்பதனால் சிலர் செல்வதில்லை. திருச்சபையின் சட்டம் தடுப்பதனால் வேறு சிலர் செல்வதில்லை. ஒருவருடைய அரசியல் அவரைத் தடுக்கலாமா என்பதே இன்று நாம் ஆராயப் போகும் வினா. இவ்வினாவைப் பற்றிக் கத்தோலிக்கத் தலைவர்களிடையே பழைமை பேணுவோர் என்றும் முற்போக்காளர் என்றும் இரு சாரார் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். அவ்வாதம் உரோமாபுரிக்கோ அமெரிக்காவுக்கோ மட்டும் உரியதன்று. நமது புத்தளக் கரையோரமும் அதனை அறியும்.

முதலிலே நற்கருணை என்பது யாதென்று, பிற சமய நேயர்களின் பொருட்டுச் சொல்லிவிடுகின்றேன். இயேசுநாதர் தாம் பாடுபடுவதற்கு முந்திய இரவில் சீடர்களோடு அமர்ந்து அப்பத்தையும் இரசத்தையும் பகிர்ந்தளித்தார். அதன் நினைவாகவே பூசை நிறைவேற்றப்படுகின்றது. அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் திருவுடலாகவும் திருஇரத்தமாகவும் மாறுகின்றன என்பது கத்தோலிக்கரின் விசுவாசம். ஆதலின் அதனை உட்கொள்ளுதல் வெறும் பிரசாதம் பெறுவதைப் போன்றதன்று. ‘இந்தச் சபையோடும் இதன் தலைவரோடும் நான் ஒன்றாய் இருக்கின்றேன்’ என்று ஊரறிய உரைக்கும் செயலும் அதுவே. நம் ஊர்களில் இதனை ‘நன்மை வாங்குதல்’ என்பர். பிள்ளை முதல் நன்மை வாங்கும் நாள் ஒரு குடும்பத்தின் திருநாளாகும்.

இதற்குத் தகுதி யாது? இரு சாராரும் தம் கட்சிக்குச் சான்றாக எடுத்துக்காட்டும் பகுதி ஒன்றே என்பது வியப்புக்குரியது. சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 11ஆம் அதிகாரம் அது. தகுதியின்றி இவ்வப்பத்தை உண்பவன் தனக்குத் தீர்ப்பையே வருவித்துக் கொள்கின்றான் என்று அவர் அங்கே எச்சரிக்கின்றார். பழைமை பேணுவோர் பற்றிக் கொள்வது இதனை. ஆனால் அதே அதிகாரத்தில், சில வசனங்களுக்கு முன்னர், அவர் சினந்து பேசியதன் காரணம் வேறொன்றாக இருக்கின்றது. கொரிந்து நகரத்துச் செல்வர் முந்தி வந்து வயிறார உண்டு களிக்க, இல்லாதவர் பசியோடு நின்றனர். அவ்விருந்து ஆண்டவரின் விருந்தாகாது என்கின்றார் அவர். முற்போக்காளர் பற்றிக் கொள்வது இதனை. ஆகவே நற்கருணை வாழ்க்கையின்மீது ஒரு கடமையைச் சுமத்துகின்றது என்பதில் இரு சாராருக்கும் ஐயமில்லை. அக்கடமை யாது, அதில் தவறியவனைத் தீர்ப்பிடுபவர் யார் என்பதிலேயே வேறுபாடு.

இனி நம் கரையோரத்துக்கு வருவோம். நற்கருணை இங்கே அரசியலோடு பிணைந்தது இன்று நேற்றன்று. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலே கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்தனர். பூசை காண்பதே அரசாணையை மீறும் செயலாயிற்று. கோவாவிலிருந்து 1687இல் வந்த யோசவ் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணப் பகுதியில் மறைந்து பணியாற்றிய பின், அக்காலத்தில் கண்டி மன்னனின் துறைமுகமாய் இருந்த புத்தளத்தை அடைந்தார். இங்கிருந்தே 1692இல் கண்டிக்குச் சென்றார்; போர்த்துக்கேய உளவாளி என்று ஐயுறப்பட்டுச் சிறையும் புகுந்தார். தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றிய யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் 1742இல் நமது மாவட்டத்துப் போலவத்தையிலே உயிர் நீத்தார். ஆங்கிலேயர் 1806இல் தடைகளை நீக்கும் வரையும், நன்மை வாங்குதல் என்பது ஆள்வோருக்கு அஞ்சாமையின் அடையாளமாகவே இருந்தது.

அடுத்த நூற்றாண்டில் நிலைமை தலைகீழாயிற்று. துன்புற்ற சபை செல்வாக்குள்ள சபையாயிற்று. 1939இல் சிலாபம் தனி மறைமாவட்டமாயிற்று. 1940 முதல் 1972 வரையும் அதன் மேற்றிராணியாராய் விளங்கிய எட்மன் பீரிஸ் ஆண்டகை சிறந்த வரலாற்றறிஞர். அக்காலத்தில் இடதுசாரிக் கட்சிகள் நாட்டிலே வளர்ந்து வந்தன. திருச்சபையின் தலைமை அவற்றை வெளிப்படையாகவே எதிர்த்தது. 1949 ஜூலை 1ஆம் நாள் உரோமையிலிருந்து ஓர் ஆணை பிறந்தது. பொதுவுடைமைக் கட்சியிலே அறிந்தும் விரும்பியும் சேர்பவர்களுக்கும் அதனை ஆதரிப்பவர்களுக்கும் தேவதிரவிய அனுமானங்கள் வழங்கலாகாது என்றது அவ்வாணை.

என் பெரியப்பா தேங்காய் ஆலை ஒன்றில் கூலிவேலை செய்தவர். அவர் தொழிற்சங்கத்தில் இருந்தார். மே தின ஊர்வலத்தில் செங்கொடி பிடித்தார். அவ்வளவே. மார்க்சின் பெயரை அவர் சரியாக உச்சரித்ததை நான் கேட்டதில்லை. ஒரு ஞாயிறு, செங்கொடி பிடித்த கையால் நன்மை வாங்க வரவேண்டாம் என்று பிரசங்கத்திலே சொல்லப்பட்டதாம். அவருடைய பெயர் குறிப்பிடப்படவில்லை. ஆயினும் அன்று முதல் அவர் கோயிலின் உள்ளே வந்ததில்லை. ஞாயிறு தவறாமல் வந்து, வெளியே மணலில் நின்று பூசை கண்டுவிட்டுப் போவார். அறிந்தும் விரும்பியும் என்ற சொற்களை யாராவது அவருக்கு விளக்கியிருந்தால், அவ்வாணை தம்மைக் குறிக்குமா என்று அவர் கேட்டிருக்கலாம். சட்டத்தில் இருந்த நுட்பம் பிரசங்கத்தில் இருக்கவில்லை.

1960இல் போராட்டம் பாடசாலைகளைப் பற்றியதாயிற்று. அவ்வாண்டு சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரின் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது, கத்தோலிக்கப் பெற்றோர் பல ஊர்களில் பாடசாலைக் கட்டடங்களுள் புகுந்து இரவு பகலாய்த் தங்கினர். பம்பாயிலிருந்து கர்தினால் கிராசியஸ் வந்து இணக்கம் பேசிய பின்னரே, 1961இன் தொடக்கத்தில் அது ஓய்ந்தது. அரசினர் பாடசாலையொன்றின் அதிபராய் இருக்கும் நான், அம்மாற்றத்தினால் ஏழைப் பிள்ளைகள் பெற்ற பயனை மறுக்கமாட்டேன். நான் இங்கே சுட்ட விரும்புவது ஒன்று. அரசியலில் தலையிட்டவர்கள் முற்போக்குக் குருமார் மட்டும் அல்லர். பழைமை பேணிய தலைவர்களும் தமக்கு உயிரெனத் தோன்றிய பொருளின் பொருட்டு வீதிக்கு இறங்கினர். நம் கரையோரக் கத்தோலிக்கப் பாடசாலைகளில் தமிழ் போய்ச் சிங்களம் போதனாமொழியான மாற்றத்துக்கும் மறைமாவட்டத் தலைமை துணை நின்றது. அதுவும் அரசியலன்றி வேறென்ன?

1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் சாளரங்களைத் திறந்தது. பூசை மக்களின் மொழிக்கு வந்தது. உலகின் வறுமையும் திருச்சபையின் கவலையாயிற்று. இலங்கையிலே பதுளை ஆயர் லியோ நாணயக்கார, அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த திஸ்ஸ பாலசூரிய அடிகளார் முதலியோர் இவ்வழியில் முன்னே நடந்தனர். பொருளியல் கற்றவரான பாலசூரிய அடிகளார் 1971இல் சமூகத்துக்கும் சமயத்துக்குமான நிலையத்தைக் கொழும்பில் நிறுவினார். 1977இல் நற்கருணையும் மானிட விடுதலையும் என்னும் பொருளில் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். பல நூற்றாண்டுகளாக ஞாயிறுதோறும் அப்பத்தைப் பகிர்ந்த நாடுகளே பிறர் நாடுகளைக் கொள்ளையிட்டன. அங்ஙனமாயின் அப்பூசைகள் செய்தது என்ன என்பதே அந்நூல் எழுப்பிய கேள்வி. நற்கருணை வாங்கியவன் பசித்தவனுடைய உரிமைக்காக எழுந்து நிற்றல் வேண்டும் என்பது அவர் துணிபு.

அவர் மீது நடவடிக்கை வந்தது இந்நூலுக்காக அன்று. 1990இல் மரியன்னையும் மானிட விடுதலையும் பற்றி எழுதிய மற்றொரு நூலே காரணமாயிற்று. சன்மப்பாவம், மரியன்னையைப் பற்றிய விசுவாச சத்தியங்கள், கிறிஸ்து ஒருவரே மீட்பர் என்னும் போதனை முதலியவற்றில் அவர் தவறினார் என்று 1994இல் இலங்கை ஆயர்கள் அறிவித்தனர். கர்தினால் இராட்சிங்கர் தலைமையிலிருந்த உரோமைப் பேராயம் ஒரு விசுவாச அறிக்கையில் கையொப்பமிடுமாறு கேட்டது. அவர் அதனை விடுத்து, ஆறாம் சின்னப்பரின் விசுவாச அறிக்கையில், தம் குறிப்பொன்றைச் சேர்த்து ஒப்பமிட்டார். 1997 ஜனவரி 2ஆம் நாள் அவர் திருச்சபைக்குப் புறம்பானவர் என்ற தீர்ப்பு எழுதப்பட்டது. நற்கருணையைப் பற்றி நூல் எழுதிய எழுபத்திரண்டு வயதுக் குரு, நற்கருணையினின்றும் விலக்கப்பட்டார்.

இரு பக்க நியாயத்தையும் இங்கே எடை போடுதல் வேண்டும். விசுவாசத்தைக் காக்கும் பொறுப்புடையோர் எதையும் எவரும் போதிக்கலாம் என்று இருந்துவிட முடியாது. குருவானவர் சபையின் பெயரால் பேசுகின்றவர். எனினும் ஒரு முதியவரின் நூலைக் கேள்விக்கு உட்படுத்துவதற்கும் அவரைப் பந்தியிலிருந்து எழுப்புவதற்கும் இடையே நீண்ட தொலைவு உண்டு. உலகெங்கும் எழுந்த கவலைக் குரல்களின் பின், நீண்ட பேச்சுவார்த்தை நடந்தது. தம் எழுத்துக்களில் பிழைகள் காணப்பட்டமைக்கும் அவற்றால் நேர்ந்த மனத்தாங்கலுக்கும் அவர் வருத்தம் தெரிவித்தார். முன் சேர்த்த குறிப்பின்றி ஒப்பமிட்டார். 1998 ஜனவரி 15ஆம் நாள் விலக்கு நீங்கிற்று. 2013இல் அவர் இறந்தபோது திருச்சபையின் குருவாகவே இறந்தார்.

இதன் பின்னர் நடந்தவை, பழைமை, முற்போக்கு என்னும் பெயர்ச்சீட்டுகள் எவ்வளவு போதாதவை என்பதைக் காட்டுகின்றன. 2009இல் கொழும்புப் பேராயரான மல்கம் ரஞ்சித் ஆண்டகை, தம் உயர்மறைமாவட்டத்தில் நற்கருணையை முழந்தாளிட்டு நாவிலே வாங்க வேண்டும் என்று அதே ஆண்டில் பணித்தார். இது பழைமை பேணல் என்பதில் ஐயமில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிற்றுத் தாக்குதல்களில் ஏறத்தாழ 270 பேர் மாண்டனர். அதன்பின் நீதி கோரி அரசாங்கங்களை ஓயாது வினவியவரும் இதே கர்தினால்தான். 2021 மார்ச்சு 7ஆம் நாள் கத்தோலிக்கர் கறுப்புடையணிந்து பூசைக்குச் சென்று எதிர்ப்புத் தெரிவித்தனர். நமது மாவட்டத்திலும், சிலாப ஆயர் பிராங்க் மார்க்கஸ் பெர்னாண்டோ ஆண்டகை, தலவிலுக்கு அண்மையிலுள்ள நுரைச்சோலையில் நிலக்கரி மின்னிலையம் அமைவதை ஆண்டுக்கணக்காக எதிர்த்து நின்றார். 2011இல் அந்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. எனினும், ஆயர் அரசியல் பேசினார் என்று ஊரார் அவரைக் குறை கூறவில்லை.

இவ்விரு தலைவர்களும் அரசியல் பேசினார்கள். ஆனால் தம்மோடு ஒவ்வாதவரை நற்கருணையினின்றும் தள்ளுவதை அதற்கு ஆயுதமாக்கவில்லை. வேறுபாடு இங்கேதான் இருக்கின்றது. அமெரிக்காவில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கருக்கலைப்புச் சட்டத்தை ஆதரித்த ஜனாதிபதி பைடன் கத்தோலிக்கராதலின், அத்தகையோருக்கு நற்கருணை வழங்கலாமா என்று அந்நாட்டு ஆயர்கள் 2021இல் கடுமையாக வாதிட்டனர். வெளிப்படையான பெரும் பாவத்தில் பிடிவாதமாய் நிலைப்போருக்கு நற்கருணை வழங்கலாகாது என்னும் திருச்சபைச் சட்டத்தின் 915ஆம் பிரிவைச் சிலர் காட்டினர். வறியோரைப் புறக்கணிக்கும் அரசியல்வாதியிடம் இதே கேள்வி ஏன் கேட்கப்படவில்லை என்று மற்றையோர் வினவினர். அவ்வாண்டு செப்டெம்பரில், அப்போது பாப்பரசராயிருந்த பிரான்சிஸ், தாம் எவருக்கும் நற்கருணையை மறுத்ததில்லை என்றும், ஆயர்கள் மேய்ப்பர்களாய் நடக்க வேண்டும் என்றும் கூறினார். நவம்பரில் ஆயர்கள் ஏற்றுக்கொண்ட ஆவணம் எந்த அரசியல்வாதியின் பெயரையும் குறிக்கவில்லை. எனினும் 2022இல் சான் பிரான்சிஸ்கோப் பேராயர், சபாநாயகர் பெலோசி அம்மையாரைத் தம் மறைமாவட்டத்தில் நற்கருணைக்கு வரவேண்டாமென விலக்கினார்.

நேயர்களே, சமயத் தலைவர் அரசியல் பேசலாகாது என்று நான் சொல்ல வரவில்லை. பேசாதிருத்தலும் சில வேளைகளில் குற்றமாகும். பிரசங்கம் கேட்டவன் வீட்டுக்குச் சென்று சிந்திக்கலாம், மறுத்துப் பேசலாம், மனம் மாறலாம். பந்தியிலிருந்து எழுப்பப்பட்டவனுக்கு அவ்வழிகள் அடைபட்டுப் போகின்றன. எழுப்பப்படுபவரும் பெரும்பாலும் வலியவர் அல்லர். அமைச்சருக்காக ஆயர் பேரவை கூடி ஆராய்கின்றது. ஆலைத் தொழிலாளிக்கு ஒரு ஞாயிற்றுப் பிரசங்கம் போதுமாயிருந்தது.

என் பெரியப்பா 1980களில் நோயாளியாய்ப் படுத்திருந்தபோது, புதிதாய் வந்த இளம் பங்குக் குரு தாமாகவே வீடு தேடி வந்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், நன்மை கொடுத்தார். அவர் சென்ற பின் பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, ‘தம்பி, கட்சியை விட்டுவிட்டேன் என்று சொல்லச் சொல்லுவாரோ என்று பயந்து கிடந்தேன். சாமி அதைக் கேட்கவே இல்லை’ என்றார். இளம் குரு சட்டத்தை மீறவில்லை. அவர் ஒரு மனிதனை முதலில் விசாரித்தார். அதே விசாரணை முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே நடந்திருந்தால், ஒரு மனிதன் அத்தனை ஞாயிறுகளை வெயிலில் நின்று கழித்திருக்க வேண்டியதில்லை.